புது கேஸ் கிரில் எடுக்கப்போகிறேன், பட்டவர்கள் சொல்லுங்கள்

தாலஸ்வாசி:
பழைய கிரில்லைக் கொடுத்துவிட்டேன். அடுத்தது வாங்கக் கடைக்கு மூன்று முறை போய் வெறுங்கையோடு திரும்பியாயிற்று. காரணம் போன வருட மெமோரியல் டே, மே மாதக் கடைசியில் வருகிற விடுமுறை நாள்.

ஐந்து பர்னர், 50,000 பிடியூ (எவ்வளவு சூடு தரும் என்கிற கணக்கு) என்று பெட்டி மேல் பெரிதாகப் போட்டிருந்தார்கள், அதில் மயங்கி வாங்கியது. அன்றைக்கு வீட்டில் இருபது பேர். தயிரும் மிளகாய்த்தூளும் போட்டு முதல் நாள் ராத்திரியே ஊறவைத்த சிக்கன். பற்றவைத்து அரை மணி நேரம் ஆகிறது, மூடியில் இருக்கிற முள் 250 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டவில்லை. ஐந்து குமிழையும் முழுதாகத் திருப்பியாயிற்று. குனிந்து பார்த்தால் கார்த்திகை அகலில் எரிகிற திரி மாதிரி இத்தனூண்டு சுடர். சிக்கன் வெளுத்துப்போய்க் கிடக்கிறது. கடைசியில் மனைவி ஒரு வார்த்தை பேசாமல் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டுபோய்க் குக்கரில் போட்டு இரண்டு விசில் விட்டாள். பார்பிக்யூ என்று கூப்பிட்ட இருபது பேரும் குக்கர் சிக்கன் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். என் மேனேஜரும் அதில் ஒருவர்.

சிலிண்டரை மாற்றிப் பார்த்தேன், அதே கதை. இந்த முறை ஏமாறக்கூடாது. எத்தனை பர்னர், எத்தனை பிடியூ எடுக்கலாம்?

எடிசன் டவுன்ஹவுஸ்:
பர்னரை அப்புறம் எண்ணலாம். முதலில் உங்கள் வீட்டுப் பின்பக்கத்தை அளந்துகொண்டு போங்கள். நான் அளக்கவில்லை.

நாலு பர்னர் கிரில்லை எங்கள் கைக்குட்டை அளவு பேட்டியோவில் வைத்தால் நாற்காலி போட இடமில்லை. சரி, சுவரோரமாகத் தள்ளிவிடலாம் என்று தள்ளினேன். சோளக்கதிரைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன், ஐந்து வயது மகள் வந்து, "அப்பா, வீடு ஏன் நெளியுது?" என்று கேட்கிறாள். திரும்பிப் பார்த்தால் வினைல் சைடிங், அதாவது வெளிச்சுவரில் அடித்திருக்கிற பிளாஸ்டிக் பட்டை, எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி வளைந்துகொண்டிருக்கிறது. கிரில்லின் சூடு பின்பக்கத்து இடைவெளி வழியாகத்தான் வெளியே போகும். வினைலோ 160, 165 டிகிரி ஃபாரன்ஹீட்டிலேயே இளக ஆரம்பித்துவிடும். இரண்டும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்த நிறம் இப்போது தயாரிப்பில் இல்லையாம். மூன்று வரிசை மட்டும் வேறு மஞ்சள். குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடிதம் தனியாக வந்தது. இப்போது இரண்டு பர்னர்தான், சக்கரம் வைத்தது, புல்வெளிக்கு உருட்டிப் போய்விடுவேன்.

ஸ்காபரோ அண்ணை:
எங்கள் வீட்டில் சுவர் உருகவில்லை, மாமியின் முகம்தான் இறுகியது.

மாமி யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தா. வெள்ளிக்கிழமை, விரதம். கத்தரிக்காய் சுட்டுச் சம்பல் போடலாம் என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். கிரில்லைப் பதினைந்து நிமிடம் முழுச் சூட்டில் எரித்து, வடிவாகத் தேய்த்துத்தான் வைத்திருந்தேன். மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தா. "தம்பி, கம்பிக்கு இடையில அது என்ன?" கடுகளவு கரி. போன கிழமை கோழியின் மிச்சம். ஒன்றும் சொல்லவில்லை. கத்தரிக்காயைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய் மின்சார அடுப்பின் கொயில் மேல் வைத்துச் சுட்டா. கருகல் வாசமே இல்லாத சம்பல். நாங்கள் எல்லோரும் நல்லாயிருக்கு என்று சொல்லிச் சாப்பிட்டோம்.

அதனால் நான் கடையில் பார்ப்பது ஒன்றே ஒன்று. கம்பித் தட்டு ஒரே பாளமாக இருக்கிறதா, இரண்டு மூன்று துண்டாகக் கழற்ற முடிகிறதா. துண்டாக இருந்தால் ஒன்றை மரக்கறிக்கு என்று தனியே வாங்கிப் பையில் போட்டு வைக்கலாம்.

பழைய மெக்கானிக்:
என் கதை சின்னது. சாவிக்கொத்தில் ஒரு காந்தம் வைத்திருப்பேன். கடைப் பையன் "எல்லாம் ஸ்டெயின்லெஸ் சார்" என்றான். காந்தத்தைக் காட்டினேன், மூடி "டக்" என்று பிடித்துக்கொண்டது. பையன் வேறு வாடிக்கையாளரைப் பார்க்கப் போய்விட்டான். அவன் சொன்னதில் பொய் இல்லை, 430 என்கிற ரகமும் ஸ்டெயின்லெஸ்தான். ஆனால் அதில் நிக்கல் கிடையாது, காந்தத்தில் ஒட்டும், சீக்கிரம் துருப்பிடிக்கும். 304 என்கிற ரகத்தில் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். அது ஒட்டாது. மூடி எதுவாகவும் இருந்துவிட்டுப் போகட்டும், பர்னர் குழாய் 304-ஆ என்று கேளுங்கள்.

இப்போது தாலஸ்வாசிக்கு. உங்கள் கிரில்லில் கோளாறே இல்லை என்று அடித்துச் சொல்வேன். 250, அகல் திரி, இந்த இரண்டு அடையாளமே போதும். சிலிண்டரில் மாட்டுகிற ரெகுலேட்டர் முனையில் ஒரு பாதுகாப்பு அடைப்பு உண்டு. எங்காவது குழாய் அறுந்து கேஸ் ஒரேயடியாகப் பாய்ந்தால் அது நெருக்கிப் பிடித்துக்கொண்டு கொஞ்சமாகத்தான் விடும். குழாய் அறுந்ததா, நீங்கள் வால்வைச் சடாரென்று திறந்தீர்களா என்று அதற்கு வித்தியாசம் தெரியாது. நம் கை ஊரில் ரெகுலேட்டரை ஒரே திருப்பில் ஆன் பண்ணிப் பழகிய கை. இங்கே குமிழ் ஒன்று திறந்திருக்கும்போது சிலிண்டரை அப்படித் திறந்தால் கதை முடிந்தது. சிலிண்டரை மாற்றினீர்கள், சரி. திறந்தது அதே கைதானே?

குமிழ்களை மூடி, சிலிண்டரை மூடி, ரெகுலேட்டரைக் கழற்றுங்கள். குமிழ்களை ஒரு நிமிடம் திறந்து வையுங்கள், உள்ளே நிற்பது போகட்டும். மறுபடி மூடி, மாட்டி, வால்வை மெல்ல மெல்லத் திறங்கள். கொஞ்சம் பொறுத்து, கிரில் மூடியைத் தூக்கி வைத்துவிட்டு ஒரு பர்னரைப் பற்றவையுங்கள். மூடியை மூடி வைத்துப் பற்றவைத்துப் புருவம் இழந்தவர்கள் எனக்கே இரண்டு பேரைத் தெரியும்.

அப்புறம் பிடியூ. அது தனியாக ஒன்றும் சொல்லாது, சமைக்கிற பரப்பால் வகுத்துப் பார்க்க வேண்டும். சதுர அங்குலத்துக்கு 80 முதல் 100 இருந்தால் நல்லது. உங்களுடையது 700 சதுர அங்குலம் என்று வைத்துக்கொண்டால் 71 வருகிறது. சுமார்தான், ஆனாலும் சிக்கன் வேகாமல் போகாது. கவனம், மேலே சூடாக வைத்திருக்க இருக்கிற தட்டையும் பரப்பில் சேர்த்துச் சொல்வார்கள், பக்கவாட்டில் இருக்கிற சின்ன அடுப்பையும் (சைடு பர்னர்) பிடியூவில் சேர்த்துச் சொல்வார்கள்.

சிலிண்டர். 20 பவுண்ட் என்று பெயர், மாற்றிக் கொடுக்கிற இடங்களில் பல சமயம் 15 பவுண்ட்தான் அடைத்திருக்கும். கழுத்தில் காலி எடை பொறித்திருக்கும், 17 பவுண்ட் சுமாருக்கு. குளியலறைத் தராசில் வைத்துக் கழித்துப் பாருங்கள்.

கடைசியாக, சைடு பர்னர் வேண்டவே வேண்டாம். தண்டச் செலவு. அது மேல் எல்லோரும் கெட்ச்அப் பாட்டில்தான் வைக்கிறார்கள்.

கரிதாசன்:
சிக்கனுக்கு கேஸ் எதற்கு? கொட்டாங்கச்சிக் கரி போடுங்கள், முள்ளும் வேண்டாம் வகுத்தலும் வேண்டாம்.

தாலஸ்வாசி:
கரிதாசன், தலைப்பைப் பாருங்கள்.

மீன்குழம்பு அக்கா:
மெக்கானிக் சார் வீட்டில் மீன் பொரிப்பது யார் என்று தெரிந்துகொள்ளலாமா?

மிச்சிகன், ஜனவரி மாதம். ஞாயிற்றுக்கிழமை உள்ளே நெத்திலி பொரித்தேன். சன்னல் திறக்க முடியாத குளிர். அடுப்புக்கு மேலே இருக்கிற விசிறி காற்றை வெளியே தள்ளுகிற வகை இல்லை, வடிகட்டி நம் முகத்திலேயே விடுகிற வகை. புகை அலாரம் கத்தியது, துண்டை வீசி அணைத்தேன், அதெல்லாம் பழக்கம்தான். திங்கட்கிழமை காலை லிஃப்டில் பக்கத்தில் நின்ற பெண் மூக்கை இப்படியும் அப்படியும் திருப்பினாள். எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் என் கோட்டுக் காலரை நானே முகர்ந்து பார்த்தேன். எங்கள் வீட்டில் கோட்டு மாட்டுகிற அலமாரி சமையலறைக்குப் பக்கத்தில். நாலு பேருடைய கோட்டிலும் நெத்திலி. ட்ரை கிளீனிங் செலவில் வஞ்சிரமே வாங்கியிருக்கலாம்.

அந்த வசந்தத்திலேயே சைடு பர்னர் வைத்த கிரில் வாங்கினோம். 12,000 பிடியூ. வார்ப்பிரும்புச் சட்டியை அதில் வைத்து வஞ்சிரம் துண்டு போட்டால் முறுகல் அப்படி வரும். கிரில் பாகத்தில் வருடத்துக்கு நாலு முறை சோளம் சுடுவோம், சைடு பர்னர் வாரா வாரம் எரியும். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், காற்று அடித்தால் சுடர் ஒதுங்கிவிடும். அதன் மூடி செங்குத்தாக நின்று மறைக்கிற மாதிரி இருந்தால் நல்லது. சில மாடலில் மூடி பக்கவாட்டில் தொங்குகிறது, அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

பழைய மெக்கானிக்:
அக்கா, பொரிப்பது நான்தான். உள்ளேதான் பொரிக்கிறேன். திட்டும் வாங்குகிறேன். சைடு பர்னர் விஷயத்தில் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன்.

அட்லாண்டா புதுசு:
சிலந்தி. யாரும் சொல்லவில்லையே?

குளிர்காலம் முழுக்க மூடி வைத்திருந்த கிரில். மார்ச்சில் முதல் தடவை பற்றவைத்தேன். சுடர் மஞ்சளாகச் சோம்பலாக எரிந்தது. பார்த்துக்கொண்டே இருக்கும்போது குமிழ்களுக்குப் பின்னால் இருந்து நெருப்பு. என் கை அங்கேதான் இருந்தது. முழங்கை வரை முடி போயிற்று. பர்னர் குழாயின் வாயில் சிலந்தி பஞ்சு மாதிரி கூடு கட்டியிருக்கிறது. கேஸ் உள்ளே போக வழியில்லாமல் வெளியே வழிந்து அங்கேயே எரிந்திருக்கிறது. இப்போது வாங்கினதில் குழாய் வாயில் சின்னக் கம்பி வலை இருக்கிறது. கடையில் பேனலுக்கு அடியில் கைப்பேசி வெளிச்சம் அடித்துப் பார்த்துதான் வாங்கினேன். அங்கிருந்தவர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள், பார்க்கட்டும்.

வெங்காயம்:
ஸ்காபரோ அண்ணை "வடிவாகத் தேய்த்து" என்கிறார். எதை வைத்துத் தேய்த்தீர்கள்? கம்பி பிரஷ் என்றால் இன்றே தூக்கிப் போடுங்கள்.

என் மகன் சோளக்கதிரைக் கடித்துவிட்டு, "அம்மா, முடி இருக்கு" என்று நாக்கை நீட்டினான். முடி இல்லை. பிரஷிலிருந்து உதிர்ந்த எஃகுக் கம்பி, அரை அங்குலம், நுனி ஊசி மாதிரி. விழுங்கவில்லை, அவ்வளவுதான். அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து தேடினால், ரோட் ஐலண்டில் 2011 மார்ச்சிலிருந்து 2012 ஜூன் வரை ஆறு பேர் இப்படி விழுங்கி மருத்துவமனைக்குப் போனதை அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு மையமான சிடிசியே எழுதி வெளியிட்டிருக்கிறது. தொண்டையில் குத்தியவர்களும் உண்டு, குடலில் ஓட்டை விழுந்தவர்களும் உண்டு.

கிரில் எடுக்கும்போதே இதை யோசியுங்கள். எனாமல் பூசிய கம்பி அழகாக இருக்கும், ஆனால் சுரண்டினால் பூச்சு உதிரும், அப்புறம் துரு. கனமான ஸ்டெயின்லெஸ் கம்பியாக இருந்தால் நல்ல சூட்டில் பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தித் தேய்த்தாலே போதும். தோசைக்கடையில் கல்லைத் துடைப்பது எப்படி என்று நமக்குத் தெரியாதா? நெருங்கித் தேய்க்கக் கை சுடும், நீளமான முள்கரண்டி எடுங்கள். எண்ணெயைப் பிறகு தடவுங்கள், முதலில் தடவினால் வெங்காயம் வழுக்கும். சிவப்பு வெங்காயம், வெள்ளை வெங்காயம் எதுவானாலும் சரி. மசாலாவில் சர்க்கரை சேர்த்திருந்தால் வெங்காயம் மட்டும் போதாது, மரச் சுரண்டியும் வேண்டும்.

சிட்னிக்காரி:
இங்கே நாங்கள் வாங்கியது பாதி கம்பி, பாதி தட்டு. தட்டில் மீனும் தோசையும், கம்பியில் மற்றது. மீன் பொரிக்கிற அக்காவுக்கு இது நல்ல தீர்வு.

என் வயிற்றெரிச்சல் வேறு. 2022-ல் புது பார்பிக்யூவைத் திருகித் திருகி இரண்டு மணி நேரம் பூட்டிவிட்டு, வீட்டில் இருந்த 9 கிலோ சிலிண்டரில் மாட்டப் போனால் சேரவே இல்லை. இங்கே இணைப்பையே மாற்றிவிட்டார்கள். பழையது பிஓஎல், புதிது எல்சிசி27. புது சிலிண்டரைப் பழைய அடுப்புக்கு மாட்ட அடாப்டர் உண்டு, நம் நிலைமை தலைகீழ். மாவைத் தயாராக வைத்துவிட்டு, கணவர் கடை சாத்துவதற்குள் சிலிண்டரை மாற்ற ஓடினார். ஆஸ்திரேலியாவில் இருப்பவர்கள் அடுப்பைப் பார்க்குமுன் சிலிண்டர் வாயைப் பாருங்கள்.

எடிசன் டவுன்ஹவுஸ்:
அண்ணை, தனிக் கம்பி வாங்கினபின் மாமி சாப்பிட்டாவா?

ஸ்காபரோ அண்ணை:
கம்பி வந்த கிழமை மாமி ஊருக்குப் போய்விட்டா. பை இன்னும் பிரிக்கவில்லை.

தாலஸ்வாசி:
மெக்கானிக் சார், இதை நீங்கள் போன வருடம் சொல்லியிருக்கக் கூடாதா?

அந்தக் கிரில்லை இரண்டு வீடு தள்ளி இருக்கிற ஒரு தாத்தாவுக்குச் சும்மா கொடுத்தேன். "சூடு ஏறாது, கம்பிக்கும் சக்கரத்துக்கும் வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லித்தான் கொடுத்தேன். உங்கள் பதிலைப் படித்துவிட்டு நேற்று சாயங்காலம் நடக்கிற சாக்கில் அந்தப் பக்கம் போனேன். வேலிக்கு மேலே புகை. எட்டிப் பார்த்தேன். முள் 550-ல் நிற்கிறது. சிலிண்டரை எப்படித் திறப்பீர்கள் என்று கேட்டேன். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. மெதுவாகத்தான், வேறு எப்படித் திறப்பது என்றார். கையில் ஒரு தட்டில் ரிப்ஸ் வைத்துக் கொடுத்து அனுப்பினார். நன்றாகவே இருந்தது.

அது சரி, கொடுத்த கிரில்லைத் திருப்பிக் கேட்டால் அசிங்கமாக இருக்குமா?