பழைய லட்விக் செட்: டாம் ஹோல்டர் தட்டைக் கழற்றாமல் பணம் கொடுக்கலாமா?

செந்தூல் ஸ்னேர்
நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. "பழைய டிரம் செட் வாங்கும்போது மரத்தையும் கம்பெனி பேட்ஜையும் பாருங்கள், டாமைத் தாங்கும் ஹோல்டரும் ஃப்ளோர் டாம் காலும் பேஸ் டிரம்மின் முன்காலான ஸ்பரும் வெறும் இரும்புச் சாமான், ஆடினால் மாற்றிக்கொள்ளலாம்" என்று பழைய லட்விக் செட் வாங்க ஜார்ஜ் டவுன் போகப்போகும் ஒரு தம்பிக்கு அறிவுரை. 60களின் லட்விக் (அமெரிக்க கம்பெனி) டிரம்மின் ஷெல், அதாவது மர உடல், மூன்று அடுக்கு மெல்லிய பலகை, உள்ளே ஓரங்களில்தான் வளையம் இருக்கும், நடுவில் கிடையாது. பேஸ் டிரம் மேல் மாட்டுகிற சிறு டிரம்மான டாமின் எடையும் நீங்கள் அடிக்கிற அடியும் அந்த நடுப்பலகையில் இருக்கும் சில துளைகள் வழியாகத்தான் இறங்குகிறது. அப்புறம் எப்படி அது வெறும் இரும்புச் சாமான்? அந்தக் காலத்து லட்விக் ஹோல்டர் அடிக்கிறவர்களுக்குப் பிடிக்காததால் பலர் ரோஜர்ஸ் என்ற இன்னொரு கம்பெனியின் பந்து மூட்டு ஹோல்டரைப் போட்டார்கள், பீட்டில்ஸ் டிரம்மர் ரிங்கோ ஸ்டாரின் லட்விக்கில் இருந்ததும் ரோஜர்ஸ்தான். ரோஜர்ஸ் போட வேறு துளை போட வேண்டும். பழைய துளை எங்கே போகும்? புது ஹோல்டரை ஷெல்லில் பிடிக்கிற தட்டுக்கு அடியில் போகும். ஆகவே தட்டைக் கழற்றிப் பாருங்கள். கழற்றாமல் பணம் கொடுக்காதீர்கள்.

கடற்கரைத் தாளம்
அந்த "ஒருவர்" நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். நான் எழுதியதில் பாதியை வெட்டிவிட்டு மீதிக்குப் பதில் சொல்கிறீர்கள். தோலைக் கழற்றி டார்ச் அடித்து உள்ளே பாருங்கள் என்றும் எழுதியிருந்தேன். துளை என்றால் இரண்டு பக்கமும் துளைதானே? உள்ளேயிருந்து பார்த்தால் எத்தனை துளை, எந்தத் துளையில் போல்ட், எது அடைத்தது என்று தெரியும். அதற்குத் தோலை இறுக்குகிற சாவி, ஒரு டிரம் கீ போதும். அறுபது வருஷம் அசையாமல் இருந்த ஸ்குரூவில் ஸ்குரூடிரைவரை வைத்தால் தலை வழுக்கும், வலுவாகத் திருகினால் முறியும். முறிந்தால் யார் பணம் கட்டுவது? வாங்க வந்தவனா, விற்பவனா?

செந்தூல் ஸ்னேர்
உள்ளேயிருந்து தெரியும் என்பது பாதி உண்மை. மரக்குச்சி வைத்து அடைத்து, தேய்த்து, மேலே பெயின்ட் அடித்தால் டார்ச் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. வெளிப்பக்கம் பொய் சொல்லாது. தட்டுக்கு அடியில் இருக்கும் முத்துத்தாள் (ஷெல் மேல் ஒட்டிய பளபளப்பு உறை) வெயில் படாமல் பழைய நிறத்திலேயே இருக்கும். அந்த நிறத்திட்டு இப்போதைய தட்டின் வடிவத்தில் இருக்கிறதா, வேறு வடிவத்தில் இருக்கிறதா? வேறு வடிவம் என்றால் ஹோல்டர் மாறியிருக்கிறது. இது தோலைக் கழற்றினால் தெரியுமா? தெரியாது. தட்டைக் கழற்றினால்தான் தெரியும்.

வாங்கப்போகிறவன்
அண்ணன்களே, அந்தத் தம்பி நான்தான். விற்பவர் 5,200 வெள்ளி (ரிங்கிட்) சொல்கிறார், பேசினால் கொஞ்சம் குறைப்பார் போலிருக்கிறது. தோலைக் கழற்ற ஒத்துக்கொண்டார். ஹோல்டர் தட்டில் மட்டும் கை வைக்கக்கூடாது என்கிறார். படத்தில் ரோஜர்ஸ் ஹோல்டர்தான் தெரிகிறது, அறுகோணக் கம்பி. என்ன செய்ய?

செந்தூல் ஸ்னேர்
பார்த்தீர்களா! தட்டில் மட்டும் கை வைக்கக்கூடாதாம். ஏன் அதில் மட்டும்? தம்பி, அடுத்த பஸ்ஸில் திரும்பி வாருங்கள்.

கடற்கரைத் தாளம்
ஏன் என்றால் அது அவருடைய சாமான், நீங்கள் இன்னும் பணம் கொடுக்கவில்லை. எங்கள் ஊரில் கடற்காற்று. குரோம் பொரிந்து ஸ்குரூ மரையில் துரு இறங்கியிருக்கும். கோலாலம்பூரில் குளிர்சாதன அறைக்குள் வைத்துப் பழகியவர்களுக்கு இது புரியாது. அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

உறுமி மைந்தன்
இரண்டு பேரும் துளையையே பேசிக்கொண்டு இருக்கிறீர்கள். ஹோல்டர் பிடிக்கிறதா இல்லையா என்பதை எப்படிப் பார்ப்பது என்று யாரும் சொல்லவில்லையே. டாமை மாட்டுங்கள், விங் போல்டை (சிறகு வைத்த போல்டை) கையால் மட்டும் இறுக்குங்கள், உள்ளங்கையால் ஓரத்தில் அழுத்துங்கள், பிறகு அப்படியே விட்டுவிட்டு ஒரு தேநீர் குடித்து வந்து பாருங்கள். இறங்கியிருந்தால் பந்தோ அதைப் பிடிக்கிற கவ்வியோ தேய்ந்திருக்கிறது. ஃப்ளோர் டாமின் மூன்று கால்களையும் இப்படியே அழுத்துங்கள். பேஸ் டிரம் ஸ்பர் முன்னால் வழுக்குகிறதா என்று காலால் மிதித்துப் பாருங்கள். கோயில் ஊர்வலத்தில் தோளில் வாரோடு மணிக்கணக்கில் அடிப்பவனுக்குத் தெரியும், பிடிப்பு விட்டால் மேளமே போச்சு.

செந்தூல் ஸ்னேர்
உறுமிக்கும் ரோஜர்ஸ் ஹோல்டருக்கும் என்ன சம்பந்தம் ஐயா? தோளில் மாட்டுகிற வாரில் பந்து இருக்கிறதா, கவ்வி இருக்கிறதா? இறங்கியதைக் கண்டுபிடிப்பது பெரிய விஷயம் இல்லை. ஏன் இறங்கியது என்பதுதான் கேள்வி. ரோஜர்ஸில் கம்பியைக் கவ்வுகிற அந்தத் துண்டில் விரிசல் விடுவது எல்லாரும் அறிந்தது. தட்டும் பல கம்பெனிகளில் துத்தநாகக் கலவை வார்ப்பு, வளையாது, ஒரே அடியாக உடையும். போல்ட் போகிற காதுப் பக்கத்தில் மயிர் போன்ற கீறல் ஓடியிருந்தால் மாட்டிய நிலையில் தெரியாது. கழற்றித் திருப்பிப் பார்க்க வேண்டும். கழற்றி.

உறுமி மைந்தன்
சம்பந்தம் என்னவென்று கேட்கிறீர்கள். கிள்ளானில் எங்கள் பையன்கள் உறுமியும் அடிப்பார்கள், டிரம்ஸும் அடிப்பார்கள். உங்களுக்கு உறுமி என்றாலே ஒரு இளக்காரம். போன தீபாவளி நேரத்திலும் இதே பேச்சு பேசினீர்கள், அன்றைக்கு நான் பதில் சொல்லாமல் விட்டது உங்கள் வயதுக்காக.

செந்தூல் ஸ்னேர்
வயதை இழுக்க வேண்டாம். உறுமியை நான் குறைத்துப் பேசவில்லை. இங்கே பேச்சு தட்டைப் பற்றி.

பிரிமியர் பித்தன்
இந்த லட்விக் மோகமே எனக்குப் புரிவதில்லை. இந்த நாட்டில் அந்தக் காலத்து மேடைகளில் எத்தனை பிரிமியர் செட் இருந்தது! இங்கிலாந்தின் லெஸ்டர்காரர்கள் வார்த்த ஹார்டுவேரைப் பாருங்கள், அந்தக் கனமான குரோமை இன்று யார் போடுகிறார்கள்? பாதி விலைக்குப் பிரிமியர் வாங்கலாம், துளைச் சண்டையும் இருக்காது.

கடற்கரைத் தாளம்
பாதி விலை ஏன் தெரியுமா? 60களின் பிற்பகுதி வரை வந்த பிரிமியர் டாம்களின் அளவே வேறு, ஷெல் சற்றுப் பெரியது, இன்றைய தோல் உட்காராது. தம்பியை அந்தக் குழியில் தள்ளாதீர்கள்.

பிரிமியர் பித்தன்
அந்த அளவில் தோல் செய்து தருகிறவர்கள் இருக்கிறார்கள். தேட வேண்டும். தேடத் தெரியாதவர்கள் புதுச் செட் வாங்கிக்கொள்ளட்டும்.

செந்தூல் ஸ்னேர்
பிரிமியருக்குத் தனி இழை தொடங்குங்கள், இங்கே வேண்டாம்.
தம்பி, இன்னொன்று. விங் போல்டுகளை ஒவ்வொன்றாக முழுக்க வெளியே எடுங்கள், அதற்காவது ஒத்துக்கொள்வார். அமெரிக்க செட்டில் அங்குல மரை. ஒரு போல்ட் தொலைந்தால் நம் ஊர் ஹார்டுவேர் கடையில் கிடைப்பது மெட்ரிக் அளவு எம்6. கால் அங்குலம் என்றால் 6.35 மில்லிமீட்டர், எம்6 என்றால் 6 மில்லிமீட்டர், மரையின் இடைவெளியும் வேறு, ஒன்றில் 1.27, மற்றதில் 1 மில்லிமீட்டர். லொடலொடவென்று உள்ளே போகும், கடைசியில் முரட்டுத்தனமாக இறுக்கியிருப்பார்கள், பிராக்கெட்டின் மரை தேய்ந்திருக்கும். போல்டில் வெள்ளி நிறத் தூள் ஒட்டியிருந்தால் கதை முடிந்தது. ஃப்ளோர் டாம் காலையும் அளந்து பாருங்கள். பழைய லட்விக் கால் 9.5 மில்லிமீட்டர், யாராவது 10.5 கம்பியைத் திணித்திருந்தால் பிராக்கெட்டின் வாய் விரிந்திருக்கும். இவ்வளவும் பார்த்த பிறகு தட்டு.

கடற்கரைத் தாளம்
மரை விஷயம் சரி, அதில் எனக்குச் சண்டை இல்லை, நானும் அதைத்தான் பல முறை எழுதியிருக்கிறேன். ஆனால் "இவ்வளவும் பார்த்த பிறகு தட்டு" என்று மறுபடியும் அங்கேயே வந்து நிற்கிறீர்கள். ஹோல்டர் மாற்றியிருக்கிறது என்று படத்திலேயே தெரிகிறது! லட்விக்கில் ரோஜர்ஸ் இருக்கிறது என்றால் கூடுதல் துளை இருக்கும் என்று வைத்துக்கொண்டு விலை பேச வேண்டியதுதானே. தெரிந்த விஷயத்தைக் கண்டுபிடிக்க ஸ்குரூவை எதற்கு முறிக்க வேண்டும்? அப்புறம், சொல்லாமல் இருக்கலாம் என்று பார்த்தேன், போன வருஷம் அம்கார்ப் மாலில் என்னிடம் ஒரு ஹைஹேட் ஸ்டாண்டு வாங்கினீர்களே, அங்கேயே பிரித்துப் போட்டு ஸ்பிரிங்கைத் திரும்ப மாட்டத் தெரியாமல் எவ்வளவு நேரம் என்னை நிற்க வைத்தீர்கள்?

செந்தூல் ஸ்னேர்
அந்த ஸ்டாண்டைப் பிரித்ததால்தான் உள்ளே சங்கிலிக்குப் பதில் சைக்கிள் கம்பி கட்டியிருந்தது தெரிந்தது. அதையும் சொல்லுங்கள். முழு விலை கேட்டீர்கள். பிரிக்காமல் வாங்கியிருந்தால்?

கடற்கரைத் தாளம்
அது எனக்கு முன்னால் வைத்திருந்தவர் கட்டியது. எனக்கே தெரியாது.

செந்தூல் ஸ்னேர்
அதைத்தானே சொல்கிறேன். விற்பவருக்கே தெரியாது. கூடுதல் துளை இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்கிறீர்கள், எத்தனை என்று வைத்துக்கொள்வது? இரண்டா, ஆறா? இரண்டு துளைக்கு நடுவே பலகை கிழிந்திருந்தால்? அதற்கும் அதே விலையா? தம்பி, ஸ்குரூ முறியும் என்ற பயத்துக்கு வழி இருக்கிறது. துரு நீக்கும் எண்ணெய் ஒரு சொட்டு, துணியில் தொட்டு, முத்துத்தாளில் வழியாமல். அரை மணி நேரம் விடுங்கள். ஸ்குரூத் தலையின் வெட்டுக்குச் சரியான அகலமுள்ள ஸ்குரூடிரைவரை நீங்களே கொண்டு போங்கள். முறிந்தால் நான் பொறுப்பு என்று எழுதிக் கொடுங்கள். அதற்கும் மாட்டேன் என்றால் அவர் எதையோ மறைக்கிறார்.

வாங்கப்போகிறவன்
எழுதிக் கொடுக்கிறேன் என்று அவரிடம் கேட்டுவிட்டேன். பதில் இன்னும் வரவில்லை. சனிக்கிழமை காலை போகிறேன்.

உறுமி மைந்தன்
சனிக்கிழமை நானும் பட்டர்வொர்த்தில்தான் இருப்பேன், வேண்டுமானால் கூட வருகிறேன் தம்பி. டாமை மாட்டி அழுத்திப் பார்ப்போம். யாரும் எதையும் கழற்ற வேண்டாம்.

செந்தூல் ஸ்னேர்
அழுத்திப் பார்த்து 5,200 வெள்ளி கொடுக்கச் சொல்கிறவர் கூட வருகிறாரா, நல்லது. தம்பி, உங்கள் எண்ணைத் தனியாக அனுப்புங்கள், நான் பேசுகிறேன்.

பிரிமியர் பித்தன்
எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஒரு பிரிமியர் நிற்கிறது. ஸ்குரூ எல்லாம் கையாலேயே கழலும். 2,400.

கடற்கரைத் தாளம்
கையாலேயே கழலும் என்பதை விளம்பரமாகச் சொல்கிற முதல் ஆள் நீங்கள்தான். அந்த டாமின் விட்டத்தை அளந்து போடுங்கள் முதலில்.