ஒரு மணிக்கு ஒரு மணி: பிரிட்டனுக்குப் புதிதாக வந்தவர்கள் டைம் பேங்கில் சேர்வது பற்றி

வந்து ஆறு மாதமாகியும் பக்கத்து வீட்டுக்காரரின் பெயர்கூடத் தெரியவில்லை என்று இங்கே பலரும் எழுதியிருக்கிறீர்கள். வார நாள்களில் அலுவலகம், சனிக்கிழமை தமிழ்க் கடையில் சாமான், ஞாயிற்றுக்கிழமை கோயில் என்று ஓடிவிடும் வாழ்க்கையில், சுவருக்கு அந்தப்புறம் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாமல் நானும் லண்டனில் இரண்டு குளிர்காலங்களைக் கழித்தவள்தான். அந்த நிலையை மாற்றியது டைம் பேங்க் என்னும் ஏற்பாடு. தமிழில் நேர வங்கி எனலாம். ஆனால் வங்கி என்றதும் நமக்கு வட்டி நினைவுக்கு வரும். இதில் வட்டி கிடையாது.

ஓர் உறுப்பினருக்கு நீங்கள் ஒரு மணி நேரம் ஏதேனும் உதவி செய்தால் உங்கள் கணக்கில் ஒரு மணி வரவாகும். உங்களுக்குத் தேவை வரும்போது அதை வேறு எந்த உறுப்பினரிடமிருந்தும் உதவியாகப் பெற்றுக்கொள்ளலாம். கணக்கு வழக்கில் தேர்ந்தவர் படிவம் நிரப்பிக் கொடுத்த ஒரு மணிக்கும், இன்னொருவர் முதியவரின் நாயை நடைக்கு அழைத்துச் சென்ற ஒரு மணிக்கும் மதிப்பு ஒன்றே. பெரிய படிப்பு படித்துவிட்டு வந்தவர்களுக்கு இது முதலில் சற்று உறுத்தும், எனக்கும் உறுத்தியது.

நம் ஊர் மொய் நோட்டோடு ஒப்பிட்டால் இது விளங்கும். மொய்யில் யார் எவ்வளவு செய்தார் என்று எழுதிவைத்து, அவர் வீட்டு விசேஷத்துக்கு அதைவிடக் கொஞ்சம் கூட்டியே திருப்பிச் செய்கிறோம். செய்யாவிட்டால் பேச்சு வரும். டைம் பேங்கிலும் எழுதிவைக்கிறார்கள். ஆனால் வாங்கியவரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதில்லை, கூட்டிக் கொடுக்க வேண்டியதுமில்லை. இதனால் யாரும் யாருக்கும் தனிப்பட்ட முறையில் கடன்பட்டவராக ஆவதில்லை.

இந்த முறைக்கு உருக்கொடுத்தவர் எட்கர் கான் என்னும் அமெரிக்கச் சட்ட அறிஞர். 1980-இல் மாரடைப்பால் மருத்துவமனையில் கிடந்தபோது, பிறர் செய்வதை வாங்கிக்கொள்வதைத் தவிர தன்னால் ஒன்றும் செய்ய இயலவில்லையே என்று உணர்ந்த வேதனையிலிருந்துதான் இந்த எண்ணம் பிறந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். பிரிட்டனில் 1998-இல் குளோஸ்டர்ஷயரில் முதல் டைம் பேங்க் தொடங்கியது. அடுத்த ஆண்டே தென்கிழக்கு லண்டனில், கேட்ஃபர்டில் உள்ள ரஷி கிரீன் ஜிபி சர்ஜரியில், அதாவது குடும்ப மருத்துவர்களின் மருத்துவ நிலையத்தில், இன்னொன்று உருவாயிற்று. மருந்துச் சீட்டால் தீராத தனிமையோடு நோயாளிகள் வந்து போவதைக் கவனித்த மருத்துவர் ஒருவரின் முயற்சி அது. லூயிஷம் சிவன் கோயிலுக்குப் போய்வரும் நம்மவர்களுக்கு அந்த இடம் அதிகத் தொலைவில்லை.

இனி, நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். சேர்ந்த வேகத்தில் எல்லாவற்றுக்கும் கை தூக்கினேன்: துணி தைத்துக் கொடுத்தேன், நூலகத்தில் முதியவர்களுக்குக் கைப்பேசி சொல்லிக்கொடுத்தேன். நான்கு மாதத்தில் பதினோரு மணி சேர்ந்தது, ஒன்றைக்கூடச் செலவழிக்கவில்லை. ஒருநாள் டைம் பேங்கின் ஒருங்கிணைப்பாளர் தொலைபேசியில் அழைத்து, “நீங்கள் எதுவும் கேட்காவிட்டால் மற்றவர்கள் எப்படிக் கொடுப்பார்கள்?” என்றார். அப்போதுதான் யோசித்தேன். கைநீட்டக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம்; கொடுப்பதில் பெருமையும் வாங்குவதில் சிறுமையும் கண்டே பழகிவிட்டோம். கொடுக்க மட்டுமே வருகிறவர் அந்தத் தெருவுக்கு விருந்தாளியாகத்தான் இருப்பார். ஆகவே சேர்ந்தவுடன் முதலில் ஏதாவது ஒன்றைக் கேளுங்கள் என்பதுதான் என் அறிவுரை.

நான் முதலில் கேட்டது மிகச் சிறிய விஷயம். வரவேற்பறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் கீழே கொதிக்க, மேலே சில்லென்றிருந்தது. என் வீட்டிலிருந்து ஏழெட்டு வீடு தள்ளி வசிக்கும், எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார் வந்தார். சட்டைப்பையில் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு பித்தளைச் சாவி. ஹீட்டிங்கை அணைத்து ஆறவிடச் சொன்னார். ஆறும்வரை தேநீர் குடித்தோம். பிறகு ரேடியேட்டரின் மேல்முனையில் இருந்த சதுரத் திருகில் சாவியைப் பொருத்தி, அடியில் பழைய துணியைப் பிடித்துக்கொண்டு, இடப்பக்கமாக அரைச் சுற்றுத் திருப்பினார். உஸ்ஸென்று காற்று வெளியேறி, கடைசியில் கறுப்பாகத் தண்ணீர் சொட்டியதும் மூடிவிட்டார். அடுத்ததை என்னையே செய்யச் சொன்னார். வேலை பத்து நிமிடம், பேச்சு ஐம்பது நிமிடம்; ஏட்டில் ஒரு மணி. அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று என்பது வேறு கதை.

புதிதாக வந்தவர்கள் கேட்கத் தகுந்தவை இப்படிப்பட்டவைதான்: வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கு ஒத்திகை பார்ப்பது, கவுன்சில் அனுப்பிய கடிதத்தின் உட்பொருளை விளக்கச் சொல்வது, உள்ளூர் ஆங்கிலப் பேச்சு காதுக்குப் பழகும்வரை வாரம் ஒரு மணி உரையாடுவது, தோட்டத்தில் எதை எந்த மாதத்தில் வெட்டுவது என்று தெரிந்துகொள்வது. கொடுப்பதற்கு என்னிடம் என்ன இருக்கிறது என்று தயங்க வேண்டாம். சமையல், தையல், கணக்குப் பாடம் எல்லாமே செல்லும். ஆனால் ஜனவரியில் தோசை வகுப்பு எடுக்காதீர்கள். நான் எடுத்தேன். மாவு புளிக்கவே இல்லை. வந்திருந்த எட்டுப் பேருக்கும் வெள்ளை அட்டை போல ஒன்றைச் சுட்டுக் கொடுத்தேன். அவர்கள் மரியாதையாகச் சாப்பிட்டார்கள்.

சில எச்சரிக்கைகள் உண்டு. தனியே வாழும் முதியவர், உடல்நலம் குன்றியவர் ஆகியோரின் வீட்டுக்குப் போவதென்றால் டிபிஎஸ் என்னும் குற்றப் பின்னணிச் சரிபார்ப்புக் கேட்பார்கள். அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எரிவாயு இணைப்பில் கைவைக்க கேஸ் சேஃப் என்னும் எரிவாயுப் பணியாளர் பதிவேட்டில் பதிவு பெற்றவருக்கு மட்டுமே அனுமதி. பிறர் குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்துக்கொள்வதாக இருந்தால் முதலில் ஒருங்கிணைப்பாளரிடம் கேளுங்கள். 2009-இல் இரண்டு தோழியர் மாறி மாறிக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டதையே பதிவு தேவைப்படும் சேவை என்று, பள்ளிகளையும் குழந்தைக் காப்பகங்களையும் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஆஃப்ஸ்டெட் சொல்லி, அது பெரிய சர்ச்சையாகி, பின்னர் விதியைத் தளர்த்தினார்கள்.

விசா விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. மாணவர் விசாவில் இருப்பவர்களுக்குத் தன்னார்வச் சேவை வேறு, சம்பளமில்லா வேலை வேறு; இரண்டாவது, பெரும்பாலான பட்டப்படிப்பு மாணவர்களுக்குப் பாடக்காலத்தில் உள்ள வாரம் 20 மணி நேர வரம்பில் சேர்ந்துவிடும். ஆகவே பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். விசிட்டர் விசாவில் வந்திருக்கும் பெற்றோர், பதிவு பெற்ற அறக்கட்டளை ஒன்றில் மொத்தம் 30 நாள்களுக்கு மிகாமல் தன்னார்வச் சேவை செய்யலாம். மகன் வீட்டில் பகல் முழுதும் தனியே அமர்ந்திருக்கும் அம்மாக்களுக்கு அந்த 30 நாள் சிறிதல்ல.

உங்கள் ஊரில் இருக்கிறதா என்பதை டைம்பேங்கிங் யூகே அமைப்பிடம் கேட்டறியலாம்; நூலக அறிவிப்புப் பலகையிலும் பாருங்கள். ஜிபி சர்ஜரியில், நோயாளிகளை உள்ளூர்க் குழுக்களோடு இணைத்துவிடும் சோஷியல் பிரிஸ்கிரைபிங் பணியாளர் இருந்தால் அவருக்கும் தெரிந்திருக்கும். எதுவும் இல்லையென்றால், ஐந்தாறு வீடுகள் சேர்ந்து ஒரு நோட்டைப் போட்டுத் தொடங்கிவிடலாம்.

கணக்கில் வரவே இல்லாதபோது கேட்கலாமா என்று ஒருவர் தனியே கேட்டிருந்தார். கேட்கலாம், பல டைம் பேங்குகளில் கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போவதற்கு இடமுண்டு. எங்கள் பகுதிக்குப் புதிதாக வந்த மதுரைத் தம்பதி, வீடு மாறப் பெட்டி தூக்க ஆள் கேட்டு, சேர்ந்த முதல் வாரமே கழித்தல் நான்கில் நின்றார்கள். பதினோரு மணியைப் பூட்டிவைத்துக்கொண்டு நான் யாரையும் அறியாமல் நடந்துபோன அதே தெருவில், அவர்களை நான்கு வீடுகளிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.