கிராண்ட்மாஸ்டருக்கும் எதிர் எஞ்சினுக்கும் ஒரே ஓபனிங் புக் போதுமா?

கேள்வி: எங்கள் செஸ் எஞ்சின் (செஸ் ஆடும் கணினி நிரல்) முதலில் ஒரு கிராண்ட்மாஸ்டரோடும், பிறகு மற்ற எஞ்சின்களோடும் மோதுகிறது. ஓபனிங் புக் (தொடக்க நகர்த்தல்களின் தொகுப்பு) ஒன்றே போதுமா? கான்டெம்ப்ட் (டிராவைத் தவிர்க்க எஞ்சினுக்குத் தரும் முனைப்பு அளவு) எவ்வளவு வைக்கலாம்?

பதில்: போதாது சார். மனிதருக்கு எதிரான புக்கில் மையம் பூட்டிக்கொள்ளும் வரிசைகளை எடுத்துவிடுங்கள். சரியான புக் ஆட்டத்தையே முடித்துவிடும், ஒரு உதாரணம். 1997இல் உலக சாம்பியன் காஸ்பரோவோடு மோதிய ஐபிஎம் கணினி டீப் புளூவுக்குத் துணை நின்றவர் கிராண்ட்மாஸ்டர் ஜோயல் பெஞ்சமின். அந்தப் போட்டியின் ஆறாவது ஆட்டம், காரோ-கான் என்ற தொடக்கம். காஸ்பரோவ் ஏழாவதாக எச்6 கட்டத்துக்குச் சிப்பாயை நகர்த்தினார். உடனே டீப் புளூ ஈ6இல் குதிரைப் பலி கொடுத்தது. அது புக்கிலிருந்தே வந்தது. 19 நகர்த்தலில் காஸ்பரோவ் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்.

பதில்: கான்டெம்ப்ட் மனிதருக்கு 20 சென்டிபான் (ஒரு சிப்பாய் மதிப்பில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்டிபான்), சம பலமுள்ள எஞ்சினுக்கு 0. கூட்டினால் டிரா ஆகவேண்டிய ஆட்டத்தை இழுத்துத் தோற்கும்.

பதில்: எல்லா ரேமையும் ஹாஷுக்கு (ஏற்கெனவே கணித்த நிலைகளைச் சேமிக்கும் இடம்) கொடுக்காதீர்கள், டிஸ்க்கில் ஸ்வாப் ஆகி வேகம் படுத்துவிடும். ஆபரேட்டர் கையால் நகர்த்தினால் அதற்கான நொடிகளைக் கடிகாரக் கணக்கில் முன்பே கழியுங்கள். சிசிஜி (Syzygy) 6 காய் டேபிள்பேஸ் (ஆறு காய் வரை உள்ள இறுதி நிலைகளின் முடிவுத் தொகுப்பு) சுமார் 150 ஜிபி, எஸ்எஸ்டியில் வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம், சில ஆயிரம் ஆட்டம் சோதனை. 100 ஆட்டத்தில் பிழை வரம்பே சுமார் 50 ஈலோ (ஆட்ட பலத்தை அளக்கும் புள்ளி).