மன்னித்துவிட்டோம் என்று யார் சொல்வது?

நீர்கொழும்பான்:
2020 உயிர்ப்பு ஞாயிறன்று தொலைக்காட்சித் திருப்பலியில் கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை, முந்தைய வருடம் இலங்கையில் ஈஸ்டர் தற்கொலைக் குண்டுத் தாக்குதல் நடத்தியவர்களை நாங்கள் மன்னித்துவிட்டோம் என்றார். அதைக் கோழைத்தனம் என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். அதற்குத்தான் இந்தப் பதிவு.

2019 ஏப்ரல் 21 காலை எங்கள் நீர்கொழும்பின் கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயத்தில் குண்டு வெடித்தது எல்லோருக்கும் தெரியும். அடுத்து வந்த மூன்று வாரத்தைத்தான் பலர் மறந்துவிட்டார்கள். மே 5 இரவு எங்கள் ஊரிலேயே போருதொட்டைப் பக்கம் முஸ்லிம்களோடு கலவரம். மே 13 மினுவாங்கொடை, குருணாகல், புத்தளம் என்று முஸ்லிம்களின் கடைகள் எரிந்தன, பள்ளிவாசல்கள் உடைக்கப்பட்டன. தெருவுக்குத் தெரு செத்தவீடு நடந்த எங்கள் ஊரில் அது இன்னும் மோசமாகப் போயிருக்க வேண்டியது. ஒரு முஸ்லிமுக்கும் தீங்கு செய்யாதீர்கள் என்று ஆண்டகை மன்றாடினார். பங்குத் தந்தையர் வீடு வீடாகப் போய்ப் பெடியன்களைப் பிடித்து உட்கார வைத்தார்கள். மன்னிப்பு என்பது எங்களுக்குப் பிரசங்கத்தில் வரும் சொல் மட்டும் இல்லை. அடுத்த கொலையை நிறுத்தியது அதுதான்.

நவாலியூர்:
அண்ணா, பழிவாங்காமல் இருப்பது வேறு, மன்னிப்பது வேறு. முதலாவதில் எனக்கு மறுப்பே இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் சார்பில் "மன்னித்துவிட்டோம்" என்று சொல்ல ஆயருக்கு யார் உரிமை கொடுத்தது?

நான் ஏன் இவ்வளவு சூடாகிறேன் என்றால், 1995 ஜூலை 9 யாழ்ப்பாணத்தில் எங்கள் நவாலி இராயப்பர் ஆலயத்தில் இலங்கை விமானப்படை குண்டு போட்டது. ஷெல்லடிக்குத் தப்பி, கோயில் என்றால் அடிக்க மாட்டார்கள் என்று நம்பி வந்த சனம். நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். இன்றுவரை ஒருவருக்கும் தண்டனை இல்லை. வருடா வருடம் ஜூலை 9 பூசை வைக்கிறோம், பெயர்களை வாசிக்கிறோம், மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் கேட்கிறோம். மன்னிப்புக் கேட்டு ஒருவரும் வந்ததில்லை. யாரும் கேட்காத மன்னிப்பைத் திரும்பத் திரும்பக் கொடுத்துக்கொண்டே இருந்தால் வழக்குக் கோப்பை மூடுகிறவனுக்குத்தான் வசதி.

நீர்கொழும்பான்:
நம் திருச்சபை கோப்பை மூட விடவில்லையே, தம்பி. 2021 மார்ச் 7 நீதி கேட்டு, கறுப்பு ஞாயிறு என்று ஆலயங்களுக்குக் கறுப்பு உடுத்திப் போனோம். 2022இல் ஆண்டகை ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் பேச ஜெனீவாவரை போனார். மன்னித்தவர் வாய்மூடிக்கொள்ள வேண்டும் என்று வேதத்தில் எங்கே இருக்கிறது?

கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மாவைப் பாருங்கள். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த கணவரையும் இரண்டு மகன்களையும் உயிரோடு எரித்தார்கள். கொன்றவர்களை மன்னிக்கிறேன் என்றார். சட்டம் தன் வேலையைச் செய்யட்டும் என்றும் சொன்னார். முதல் குற்றவாளி தாரா சிங்குக்கு ஆயுள் தண்டனையும் உறுதியானது. அந்த அம்மா அதற்குப் பிறகும் சில வருடங்கள் பாரிபடாவிலேயே இருந்து தொழுநோயாளிகளைப் பார்த்தார். இரண்டும் ஒரே மனசில் இருக்க முடியும்.

நவாலியூர்:
அந்த அம்மா மன்னித்தது தன் கணவரை, தன் பிள்ளைகளைக் கொன்றவர்களை. அவருக்காக வேறு யாரும் பேசவில்லை. நான் கேட்பதும் அதைத்தான்.

இன்னொன்று. குண்டை வெடிக்கவைத்தவர்கள் அங்கேயே செத்துப்போனார்கள். செத்தவனை மன்னிப்பதால் உலகத்தில் ஒன்றும் மாறப்போவதில்லை. தாக்குதல் வரும் என்று ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியா எச்சரித்திருந்தது, அதை வைத்துக்கொண்டு சும்மா இருந்தவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். 2023 ஜனவரி 12 உயர்நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 100 மில்லியன் ரூபாய் நட்டஈடு கட்டச் சொன்னது. அதே மாத முடிவில் அவர் கத்தோலிக்கரிடம் மன்னிப்புக் கேட்டார், தனக்குத் தெரியாமல் மற்றவர்கள் செய்ததற்காக என்று. திருச்சபை அதை ஏற்கவில்லை. ஏற்காதது சரி! ஆனால் கேட்காத கொலைகாரனுக்கு ஒரே வருடத்தில் மன்னிப்பு, கேட்டு வந்தவருக்கு இல்லை என்றால், மன்னிப்புக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது என்றுதானே அர்த்தம்? உண்மையைச் சொல்வதுதான் அந்த நிபந்தனை. அதை எல்லோருக்கும் பொதுவாக வையுங்கள்.

காத்தான்குடியான்:
இந்த விவாதத்தில் எங்கள் ஊர்ப் பெயர் வராமல் போகாது, நானே எழுதிவிடுகிறேன். ஈஸ்டர் தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரான் எங்கள் ஊரான். 2017 மார்ச்சில் அலியார் சந்தியில் அவனுடைய ஆட்கள் வாளோடு வந்து அடித்தபோது, முதலில் அடிபட்டவர்களும் பொலிசுக்குப் போனவர்களும் இந்த ஊர் முஸ்லிம்கள்தான். தற்கொலைதாரிகளின் ஜனாஸாவை, அதாவது உடல்களை, பொறுப்பேற்க மாட்டோம் என்று மார்க்க அறிஞர்களின் உலமா சபை சொன்னது.

எங்களுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 1990 ஆகஸ்ட் 3, இரவு இஷா தொழுகையில் நின்றவர்களைப் பள்ளிவாசலுக்குள்ளேயே சுட்டார்கள். நூற்றுக்கும் மேல் ஷஹீதானார்கள். புலிகள் பொறுப்பேற்கவே இல்லை. சன்னம் துளைத்த சுவரைப் பூசாமல் அப்படியே வைத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை தொழப் போகிற பிள்ளை அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்க்கும், வாப்பா கதையைச் சொல்வார். அந்தச் சுவரை வைத்துக்கொண்டேதான் ஆரையம்பதித் தமிழரோடு சந்தையில் கொடுக்கல் வாங்கல் செய்கிறோம்.

எங்கள் மார்க்கத்தில் இது தெளிவு. கொலைக்குக் கணக்குக் கேட்கும் உரிமை செத்தவரின் வாரிசுக்கு. மன்னித்தால் அல்லாஹ்விடம் கூலி உண்டு, மன்னிக்காவிட்டால் குற்றம் இல்லை. ஆலிமோ அரசாங்கமோ வாரிசுக்குப் பதிலாக மன்னிக்க முடியாது. அந்த விஷயத்தில் நான் நவாலியூர் பக்கம்.

வாவிக்கரை:
மூன்று பேரும் நீதியைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் அழுகையைப் பற்றிச் சொல்கிறேன்.

அதே ஈஸ்டர் நாளில் குண்டு வெடித்த மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் என் பெரியம்மாவின் பேரன் போய்விட்டான். ஞாயிறு பாடசாலை முடிந்து ஆராதனைக்கு முன்னால் பிள்ளைகள் வெளியே நின்ற நேரம். பெரியம்மா சைவம், மகள் சீயோன் சபை விசுவாசி. 31ஆம் நாள் விறாந்தையில் ஜெபக்கூட்டம், பாட்டு. பெரியம்மா குசினிக்குள் வாழையிலை விரித்து அவனுக்குப் பிடித்த சாப்பாட்டைப் படைத்துக்கொண்டிருந்தா. மகள் தடுக்கவில்லை. அதுவரை சரி. கூட்டம் முடிந்து ஒரு பெண் உள்ளே வந்து, "அம்மா, நீங்களும் மன்னிச்சிட்டீங்கதானே?" என்று கேட்டா. பெரியம்மா எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விட்டா. அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஜெபக்கூட்டம் என்றாலே கதவைச் சாத்திக்கொள்வா.

மகளுக்கு மன்னிப்பு உதவியது, நான் கண்ணால் கண்டேன். அதைச் சொல்லித்தான் அவளால் தூங்க முடிகிறது. ஆனால் அதே வேதாகமத்தில் பிள்ளைகளை இழந்த ராகேல் ஆறுதல் வேண்டாம் என்று மறுக்கிறாள், அவளை யாரும் திட்டவில்லை. சங்கீதங்களில் பலவும் முறைப்பாடுதான்.

நீர்கொழும்பான்:
அக்கா, அந்தப் பெண் கேட்டது பிழை. அதற்கு விசுவாசம் பொறுப்பில்லை. ஆனால் துக்கத்துக்கு விசுவாசம் ஒரு அர்த்தமும் கொடுக்கிறது. 2025இல் வத்திக்கான் தாக்குதலில் இறந்த எங்கள் 167 பேரை, விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தவர்கள் என்று, விசுவாசத்தின் சாட்சிகள் பட்டியலில் சேர்த்தது. வெறுமனே குண்டில் செத்தவர்கள் இல்லை என்று கேட்டபோது ஊரே நிமிர்ந்து உட்கார்ந்தது.

வாவிக்கரை:
உங்கள் ஊருக்கு அது ஆறுதல் என்றால் நல்லது அண்ணா. எனக்கு அந்தச் சொல் தொண்டையில் நிற்கிறது. சாட்சி என்றால் தெரிந்து, விரும்பிப் போவது. வாசலில் சந்தேகப்பட்டுக் குண்டோடு வந்தவனைத் தடுத்து நின்று செத்தாரே ஒருவர், அவரைச் சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். எங்கள் பெடியன் ஒன்றுக்கும் சாட்சி சொல்லப் போகவில்லை. வசனம் பாடமாக்கி ஒப்புவிக்கப் போனவன்.

நவாலியூர்:
அக்கா சொன்னதற்கு மேலே நான் சொல்ல ஒன்றும் இல்லை. அண்ணா, ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். பெரியம்மா கடைசிவரை மன்னிக்காமலே போனால் உங்கள் பார்வையில் அவ குறைந்தவவா?

நீர்கொழும்பான்:
இல்லை. அவவுக்காக நான் செபிப்பேன், அவவிடம் கேட்க மாட்டேன். ஆனால் ஊர் சார்பில் ஒருவர் எழுந்து மன்னிப்பைச் சொல்லத்தான் வேண்டும் என்பதில் மாற்றம் இல்லை. மே 5 இரவு பெடியன்கள் கையில் தடி இருந்தபோது, ஒவ்வொரு வீடாக வாரிசு யார் என்று கேட்டுக்கொண்டிருக்க நேரம் இருக்கவில்லை.

காத்தான்குடியான்:
அந்த இரவுக்கு நன்றி அண்ணா. ஆனால் அன்றைக்கு எங்களுக்குத் தேவைப்பட்டது மன்னிப்பு இல்லை. நாங்கள் ஒன்றும் செய்யவில்லையே. தடியைக் கீழே போடச் சொன்னதே போதும்.