மிச்சிகோ நிஷிவாகியை முதன்முதலில் பார்த்த நாள்

மலேசியாவில் ஈப்போ நகரத்துக்கு வெளியே, ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயனில் வளர்ந்தவள் நான். எண்பதுகளின் கடைசி. பக்கத்து வீட்டு அங்கிள் டவுனிலிருந்து ஹாங்காங் பட டேப் வாடகைக்கு எடுத்து வந்தால், லயனில் பாதிப் பேர் அவர் வீட்டு ஹாலில்தான் இருப்போம். ஈப்போவில் வளர்ந்தவர்களுக்கு ஹாங்காங் படங்களில் பேசும் கண்டோனீஸ் கொஞ்சம் காதில் ஏறியிருக்கும், அதனால் கதை புரியும்.

அன்றைக்குப் போட்டது 1985இல் சம்மோ ஹங் இயக்கிய ‘மை லக்கி ஸ்டார்ஸ்’. ஜாக்கி சான் இருக்கிறார் என்றுதான் எல்லோரும் உட்கார்ந்தோம். படம் முக்கால்வாசி கேலிக்கூத்து. முடியப்போகும் நேரத்தில் கிமோனோ கட்டிய ஒரு ஜப்பானியப் பெண் வந்து நிற்கிறார். எதிரில் போலீஸாக நடித்த சிபெல் ஹூ. சரி, இவரை இரண்டு தட்டு தட்டி உட்கார வைத்துவிடுவார்கள் என்று நினைத்தோம். அவர் கிமோனோவைக் கழற்றியதும் ஹாலில் பேச்சு நின்றுவிட்டது. அப்படித் திரண்ட தோளையும் புஜத்தையும் ஒரு பெண்ணிடம் நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

என் பாட்டி மட்டும் ஆச்சரியப்படவில்லை. “இந்தப் பொண்ணு காண்டா தூக்கி வளந்தவடி” என்றார். ரப்பர் மரத்தில் பால் வெட்டி, இரண்டு பக்கமும் பால்வாளி தொங்கும் காண்டாக் கம்பைத் தோளில் சுமந்து காலமெல்லாம் நடந்தவர் அவர். அந்தத் தோளின் அர்த்தம் அவருக்குத் தெரிந்தது.

பெயரைக் கண்டுபிடிக்க எனக்குப் பல வருஷம் ஆயிற்று. மிச்சிகோ நிஷிவாகி, 1957இல் பிறந்தவர். ஜப்பானில் பெண்கள் பாடிபில்டிங் தலையெடுத்த காலத்திலேயே பட்டம் வென்றவர், பளு தூக்கும் போட்டியான பவர்லிஃப்டிங்கிலும் சாம்பியன். சினிமாவுக்காக ஏற்றிய உடம்பு இல்லை அது. உடம்பு முதலில் வந்தது, சினிமா அதைத் தேடிக்கொண்டு பிறகு வந்தது.

இருபத்திரண்டு வயதில் நானும் பவர்லிஃப்டிங்கில் இறங்கினேன். தரையில் கிடக்கும் பளுவை இடுப்பு வரை தூக்கி நிமிரும் டெட்லிஃப்ட் என்றால் எனக்கு உயிர். என்ன செய்கிறாய் என்று சொந்தக்காரர்கள் கேட்டால் பதில் சொல்வதுதான் கஷ்டம். பாடிபில்டிங்குக்கு நம் ஆட்கள் வாயில் வரும் வார்த்தையே ‘ஆணழகன் போட்டி’. அந்தச் சொல்லுக்குள் ஒரு பெண் எங்கே போய் நிற்பாள்? அப்போதெல்லாம் அந்தக் கிமோனோ காட்சிதான் எனக்குத் துணை. உங்களில் யாராவது அவரைத் திரையில் பார்த்து இப்படி ஆடிப்போயிருந்தால் சொல்லுங்களேன்.

*

அக்கா, நான் சிங்கப்பூர். எனக்கு அவர் சூனியக்காரியாகத்தான் அறிமுகம். 1990இல் வந்த ‘மேஜிக் காப்’. லாம் சிங் யிங் மந்திரம் தெரிந்த போலீஸ், இவர் அவருக்கு எதிரி. ஏழு வயதில் பார்த்துவிட்டு ஒரு வாரம் அம்மா பக்கத்தில்தான் தூங்கினேன். நிறைய அசைய மாட்டார், சத்தமும் போட மாட்டார், பார்வையாலேயே மிரட்டுவார். அவர் பளு தூக்கியவர் என்பதே நீங்கள் எழுதித்தான் தெரிகிறது.

*

வணக்கம் அக்கா. நான் சென்னை, சினிமாவில் சண்டைக் கலைஞன். எங்கள் மாஸ்டர் ஒருநாள் 1988இல் வந்த ‘இன் தி லைன் ஆஃப் டியூட்டி 3’ படத்தைப் போட்டுக் காட்டினார். உங்கள் ஈப்போக்காரர் மிஷெல் யோ முதல் இரண்டு படங்களில் கலக்கிய வரிசை அது. மூன்றாவதில் சிந்தியா கான் புதுமுகம், நிஷிவாகி வில்லி. மாஸ்டர் நாயகியைப் பார்க்கச் சொல்லவில்லை. “அடி வாங்குறவளைப் பாருடா” என்றார்.

நாங்கள் தொழிலில் முதலில் கற்பது அதைத்தான். அடிப்பது போல் காட்ட ஆறு மாதத்தில் வந்துவிடும். வாங்குவது அப்படி இல்லை. அரை நொடி முந்தினால் பொய் தெரியும், அரை நொடி பிந்தினால் தாடை போகும். யுகாரி ஓஷிமா மாதிரி கராத்தேயிலிருந்து வந்தவர்களுக்கு அந்தத் தாளம் ஓரளவு உடம்பிலேயே இருக்கும். இரும்பு தூக்கியவர்களுக்கு அது இருக்காது. இறுகிய தசை விழும்போது வளையாது, தரையில் போய் முட்டும். பாடிபில்டர்களை ஃபைட்டுக்குக் கூட்டிவந்தால் நாங்கள் படும் பாடு எங்களுக்குத்தான் தெரியும். அதனால்தான் இவர் சுழன்று விழுந்து எழுவதைப் பார்க்கும்போது எனக்கு மரியாதை கூடுகிறது. பழைய பழக்கத்தை உடம்பிலிருந்து பிடுங்கிவிட்டு, வேறொன்றைப் புதிதாக நட்டிருக்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து ஹாங்காங் படங்களில் பெரும்பாலும் ஸ்பாட்டில் குரலைப் பதிவதில்லை, பிறகுதான் டப்பிங். பாஷை தெரியாத ஜப்பானியரும் அமெரிக்கரும் அங்கே நடிக்க முடிந்ததற்கு அது ஒரு காரணம். திரையில் அவருக்கென்று மிஞ்சியது உடம்பு ஒன்றுதான், அவர் அதை வைத்தே பேசினார்.

பிறகு அமெரிக்கா போய் ஸ்டண்டில் சேர்ந்தார். 2000இல் வந்த ‘சார்லீஸ் ஏஞ்சல்ஸ்’ படத்தில் லூசி லியூவுக்கு டூப். எனக்கு நெஞ்சைப் பிசைந்த இடம் இதுதான் அக்கா. போஸ்டரில் முகம் வந்த ஒருத்தர், முகத்தைக் கேமராவுக்குக் காட்டாமல் விழ ஒப்புக்கொள்கிறார். பெண் டூப்புகளுக்கு வேலையும் கடினம். எங்களுக்குப் பேண்ட், ஜாக்கெட் இருக்கும், உள்ளே பேடு வைத்துக்கொள்வோம். நாயகி கையில்லாத உடை போட்டிருந்தால் டூப்பும் அதையேதான் போட வேண்டும். பேடுக்கு இடமே இல்லை, முழங்கை நேராகத் தரையில்தான்.

*

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ராத்திரி அந்த 2000 படத்தைப் போட்டேன். முன்பு இரண்டு தடவை பார்த்த படம்தான். இந்த முறை முகங்களை விட்டுவிட்டு, லூசி லியூ முதுகைத் திருப்பும்போதெல்லாம் நிறுத்தி நிறுத்தி ஓட்டினேன். எது அவர், எது இவர் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஒரு இடத்தில் மட்டும் தோள் திரும்பிய விதத்தைப் பார்த்துவிட்டு, “பாட்டி, இவங்கதான?” என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். பாட்டி போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது.