1942 சிங்கப்பூர் நாட்குறிப்பு: ஒட்டிக்கொண்ட தாள்களைப் பிரிக்க உதவி தேவை

தாத்தா ஜப்பானியர் காலத்தில் சிங்கப்பூரில் எழுதிய நாட்குறிப்பு இது. கோடு போட்ட இரண்டு பள்ளி நோட்டுகள், தொட்டெழுதும் பேனா. ஊர்ப் பெயர் 'சியோனான்' ஆனது, கடிகாரத்தை டோக்கியோ நேரத்துக்காக ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளியது, சோற்றுக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கு, வாழைமரம் அச்சிட்ட 10 டாலர் நோட்டு செல்லாக்காசானது எல்லாம் இருக்கின்றன. (ரசத்தில் உப்பில்லை என்ற புலம்பல் மட்டும் மூன்று பக்கம்.)

நோட்டுகள் இப்போது நாகப்பட்டினத்தில் எங்கள் வீட்டில். போன நவம்பர் மழையில் அலமாரிக்குள் நீர் இறங்கி, இரண்டாம் நோட்டின் கடைசி 20 தாள்கள் ஒட்டிக்கொண்டன. 1945 ஆகஸ்ட், செப்டம்பர், அதாவது ஜப்பான் சரணடைந்த நாட்கள், அவற்றில்தான் இருக்கின்றன. மை பழுப்பாகி, எழுத்து இருந்த இடத்தில் தாள் ஓட்டையாக உதிர்கிறது. ஓரங்களில் கருப்புப் பூஞ்சை.

நிழலில் மின்விசிறிக் காற்றில் உலர்த்தினேன். சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் இரண்டு மாதம் வைத்தேன். மெல்லிய கத்தியை நுழைத்தபோது ஒரு மூலை எழுத்தோடு பெயர்ந்து வந்தது. அதோடு கையை எடுத்துவிட்டேன். கடைக்காரர் லேமினேட் செய்யச் சொன்னார், மறுத்துவிட்டேன். பிரிந்திருக்கும் பக்கங்களை எல்லாம் படமெடுத்தாயிற்று.

மை கரையாமல் இந்த 20 தாள்களையும் பிரித்துத் தரக்கூடிய காகிதப் பாதுகாப்பு வல்லுநர் தமிழ்நாட்டில் யாராவது உங்களுக்குத் தெரியுமா?