ஆன்லைன் பள்ளிக்குப் பணம் கட்டினால் மட்டும் போதாது, டிஸ்ட்ரிக்டுக்குக் கடிதமும் போக வேண்டும்

அமெரிக்காவுக்குப் புதிதாக வந்து, பிள்ளையை ஆன்லைன் பள்ளியில் போடலாமா என்று யோசிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். நாங்கள் டெக்சாஸில் மூன்று வருடம் இருந்துவிட்டு நியூயார்க் மாநிலத்துக்கு மாறினோம். மகள் ஐந்தாம் வகுப்பு. பக்கத்து அரசுப் பள்ளியில் சேர்த்தோம், அவளுக்கு ஒத்துவரவில்லை. மூன்றே வாரத்தில் நிறுத்திவிட்டு, டெக்சாஸில் படித்த அதே தனியார் ஆன்லைன் பள்ளிக்குத் திரும்பினோம். அரசுப் பள்ளிக்கு ஒரு ஈமெயில் மட்டும் போட்டேன்.

சில வாரம் கழித்து, மகள் காரணமின்றி வராத நாட்களைத் தேதிவாரியாகப் போட்டு அந்த அரசுப் பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அதைப் பிரித்துப் படித்தபோது அடுத்த அறையில் அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பின்னக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். ஆன்லைன் பள்ளியைக் கேட்டால், எங்களுக்கு அங்கீகாரம் இருக்கிறது, நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம் என்றார்கள். அது தவறு. அங்கீகாரம் பாடத்தின் தரத்துக்கு உதவும். மாநிலச் சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் பெற்றோர்தான்.

முதலில் இதைப் பிரித்துப் பாருங்கள். அரசு நடத்தும் ஆன்லைன் பள்ளி, அல்லது அரசுப் பணத்தில் தனி அமைப்பு நடத்தும் சார்ட்டர் ஆன்லைன் பள்ளி என்றால் கட்டணம் இல்லை. பிள்ளை வீட்டில் உட்கார்ந்து படித்தாலும் அரசுப் பள்ளி மாணவர்தான். அட்டெண்டன்ஸ், மாநிலத் தேர்வு எல்லாம் பள்ளியே பார்த்துக்கொள்ளும். காசு கட்டிச் சேரும் தனியார் ஆன்லைன் பள்ளி அப்படியல்ல. பல மாநிலங்களில் அது ஹோம்ஸ்கூல், அதாவது பெற்றோர் பொறுப்பில் வீட்டிலேயே படிப்பது, என்ற கணக்கில்தான் வரும். ஊருக்குத் திரும்பும் எண்ணத்தில் இந்தியப் பாடத்திட்டத்தை இணையத்தில் படிக்க வைப்பவர்களுக்கும் இதேதான்.

டெக்சாஸில் எங்களுக்கு இது உறைக்காததற்குக் காரணம் உண்டு. அங்கே ஹோம்ஸ்கூலைத் தனியார் பள்ளியாகவே எடுத்துக்கொள்கிறார்கள். 1994இல் மாநில உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணக்கு, நல்ல குடிமைப் பண்பு ஆகிய ஐந்தையும் உண்மையாகச் சொல்லித்தர வேண்டும். அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளையை நிறுத்தினால் மட்டும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

நியூயார்க்கில் நிலைமை நேர் எதிர். வருட நடுவில் தொடங்கினால் 14 நாட்களுக்குள், வீட்டில் படிக்க வைக்கப் போகிறோம் என்று சொல்லும் விருப்பக் கடிதம், டிஸ்ட்ரிக்ட் (உள்ளூர் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) கண்காணிப்பாளருக்குப் போக வேண்டும். அப்புறம் ஐ.எச்.ஐ.பி. என்ற பாடத்திட்டப் படிவம், வருடத்துக்கு நான்கு காலாண்டு அறிக்கைகள், கடைசியில் ஒரு மதிப்பீடு. ஆறாம் வகுப்பு வரை வருடத்துக்கு 900 மணி நேரம், அதற்கு மேல் 990. பாடப் பட்டியலில் இசையும் ஓவியமும் உண்டு. எங்கள் ஆன்லைன் பள்ளியில் இசை இல்லாததால், மகளின் சனிக்கிழமை வீணை வகுப்பை மணிக் கணக்கோடு அறிக்கையில் எழுதினேன். ஏற்றுக்கொண்டார்கள்.

மற்ற மாநிலங்களும் ஒன்றுபோல் இருக்காது. நியூ ஜெர்சியில் முன்கூட்டித் தெரிவிக்கும் கட்டாயமே இல்லை. பக்கத்திலேயே இருக்கும் பென்சில்வேனியாவில் அஃபிடவிட், பிள்ளை செய்த வேலைகளைத் தொகுத்த போர்ட்ஃபோலியோ, தகுதியுள்ள மதிப்பீட்டாளர் எல்லாம் வேண்டும்; 3, 5, 8ஆம் வகுப்புகளில் தேர்வும் உண்டு. ஆகவே வேறு மாநிலத்தில் இருக்கும் நண்பர் சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள். உங்கள் மாநிலக் கல்வித் துறையின் இணையதளத்தை நீங்களே படியுங்கள். விசா எதுவானாலும் சரி, கட்டாயக் கல்விச் சட்டம் பிள்ளையின் வயதையும் வசிக்கும் இடத்தையும்தான் பார்க்கிறது.

பள்ளியிலிருந்து நிறுத்தும் கடிதத்தையும் விருப்பக் கடிதத்தையும் ஒரே நாளில் அனுப்புங்கள். ஈமெயிலோடு விட்டுவிடாமல் தபால் நிலையத்துக்குப் போய், நம்ம ஊர் பதிவுத் தபால் மாதிரியான சர்டிஃபைட் மெயிலில், கையெழுத்து ரசீது கேட்டு அனுப்புங்கள். டிஸ்ட்ரிக்டில் ஒருவர் கையெழுத்துப் போட்ட பச்சை அட்டை வீடு திரும்பி வரும். அதைக் கடித நகலோடு சேர்த்து ஃபைலில் வையுங்கள். எங்கள் விஷயத்தில், தாமதமாக அனுப்பிய கடிதத்துக்கு வந்த அந்த அட்டையைக் காட்டிய பிறகுதான் அட்டெண்டன்ஸ் அலுவலகத்திலிருந்து ஃபோன் வருவது நின்றது.